ஒரே மாதிரி ஹேண்ட்பால், இரண்டு தீர்ப்பு: யாரிடம் முறையிடுவது?

கேள்வி:

ஐயா, நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் பகுதிப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். வேலூரில் நடந்த ஒரு நாக்-அவுட் போட்டியின் காலிறுதியில் எதிரணி டிஃபெண்டர் கையில் பந்து பட்டது. பெனால்டி இல்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் எங்கள் பையன் கையில் பட்டது, உடனே பெனால்டி. 1-0 தோற்றோம். அதே ஆட்டத்தில் எங்கள் ஸ்டாப்பருக்கு (நடு டிஃபெண்டர்) ஒரு டேக்கிளுக்காக நேராகச் சிவப்பு அட்டை. அவர்கள் ஆள் அதே மாதிரி செய்ததற்கு மஞ்சள்தான். அன்றைக்கு அந்த நடுவருக்கு அது மூன்றாவது மேட்ச். லைன்ஸ்மேன் இரண்டு பேரில் ஒருவன், காலையில் தோற்றுப்போன அணியின் பையன். ஆட்டம் முடிந்ததும் என் கேப்டன், 17 வயது, ஆத்திரத்தில் நடுவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். கமிட்டி அவனுக்கு ஒரு வருடம் தடை போட்டுவிட்டது. "சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையாண்ணா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். இத்தனை கேமரா வைத்துக்கொண்டு இங்கிலாந்திலேயே வாரா வாரம் சண்டை நடக்கிறது. புகார் கொடுத்தால் தீர்ப்பு மாறுமா? அடுத்த வருடம் இந்தப் போட்டிக்கே போகாமல் இருந்துவிடலாமா? கேப்டனுக்கு என்ன வழி? என் தம்பி மொபைலில் எடுத்த வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

வீடியோவை ஒரு தடவை சத்தத்தோடும் ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டும் பார்த்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நடுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில், நீங்கள் கேட்ட சம்பவங்களைப் பற்றி என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலிறுதியில் பெனால்டி கொடுக்காதது சரி. அரையிறுதியில் உங்கள் ஸ்டாப்பருக்குச் சிவப்பும் அவர்கள் ஆளுக்கு மஞ்சளும் காட்டியதும் சரி. உங்களுக்கு எதிராகக் கொடுத்த பெனால்டி தவறு. அந்த ஒரு தவறில்தான் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கிறது. உங்களுக்கும் பையன்களுக்கும் உள்ள வலி நியாயமானது.

ஹேண்ட்பாலில் இருந்து வருகிறேன். பந்து கையில் பட்டாலே ஃபவுல் என்றுதான் மைதானத்தைச் சுற்றி நிற்பவர்கள் நம்புகிறார்கள், ஆடுகிற பையன்களும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமென்றே கையைப் பந்துக்குக் கொண்டுபோனால் குற்றம். கையை வைத்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கிக்கொண்டு, அதில் பந்து பட்டால் குற்றம். தெரியாமல் பட்டிருந்தாலும், கையிலிருந்து பந்து நேராக கோலுக்குள் போனாலோ, பட்ட உடனே அதே ஆட்டக்காரர் கோல் அடித்தாலோ அந்த கோல் செல்லாது. மற்றபடி, கையில் படுகிற ஒவ்வொரு பந்தும் குற்றமாகாது என்று 2021-இல் சட்டப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள்.

இயல்புக்கு மீறியது எது என்று அளக்கக் கருவி கிடையாது. அந்த நொடியில் அந்த ஆட்டக்காரர் செய்துகொண்டிருந்த அசைவுக்கு அவர் கை அங்கே இருந்தது நியாயமா என்று நடுவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காலிறுதி வீடியோவில் எதிரணி டிஃபெண்டர் ஓடிக்கொண்டே திரும்புகிறான். முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டியிருக்கிறது. உங்கள் விங்கர் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து ஓங்கி அடிக்கிறான். கையை எடுக்க அவனுக்கு நேரமில்லை, வேறெங்கும் வைத்துக்கொள்ள இடமும் இல்லை. விசில் ஊதாமல் விட்டது சரி.

அரையிறுதியில் நடந்தது வேறு. உங்கள் லெஃப்ட் பேக் சறுக்கிக்கொண்டு போகிறான். சறுக்குகிறவன் ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் ஆக வேண்டும். பந்து அந்த ஊன்றிய கையில் படுகிறது. கை தோளுக்கு நேர் கீழே இருக்கிறது, பக்கவாட்டில் நீளவில்லை. 2019-இல் ஹேண்ட்பால் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, விழும்போது உடம்பைத் தாங்க ஊன்றிய கையில் பட்டால் பொதுவாகக் குற்றமில்லை என்று தனியாகவே குறிப்பிட்டிருந்தார்கள். 2021-இல் சட்டத்தைச் சுருக்கியபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கை அங்கே இருப்பதற்கு நியாயம் இருக்கிறது என்பது மாறவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இப்படிப்பட்ட பந்துக்கு விசில் வேண்டாம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

ஆக, உங்கள் பையன்களுக்கு ஒரே மாதிரி தெரிந்த இரண்டும் ஒரே மாதிரி இல்லை. இரண்டுக்கும் விடை ஒன்றுதான், காரணம் வேறு. இதை அவர்களுக்கு மைதானத்திலேயே நடித்துக் காட்டி விளக்குங்கள். காரணம் தெரிந்த பையன் தீர்ப்பை வேறு மாதிரி ஏற்றுக்கொள்வான்.

டேக்கிள் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டத்தில் மூன்று படி உண்டு. கவனக்குறைவாகப் போனால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் போனால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தோடு, எதிராளியின் உடம்புக்கே ஆபத்து வரும்படி போனால் சிவப்பு. அவர்கள் ஆள் தாமதமாக வந்தான், உண்மை. ஆனால் அவன் கால் தரையோடு தரையாக வருகிறது, முழங்கால் மடங்கியிருக்கிறது, பூட்ஸின் பக்கவாட்டுதான் கணுக்காலில் இடிக்கிறது. உங்கள் ஸ்டாப்பர் ஏழெட்டு அடி ஓடி வந்து பாய்கிறான். கால் நீட்டி விறைத்திருக்கிறது, பூட்ஸின் அடிப்பாகம் நிமிர்ந்து ஸ்டட் முழுவதும் தெரிகிறது, பட்டது கணுக்காலுக்கு மேலே கால் எலும்பில். பந்தை முதலில் தொட்டானே என்று நீங்கள் கேட்கலாம். தொட்டான்தான். பந்தைத் தொட்டால் மன்னிப்பு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்த எதிரணிப் பையன் எழுந்து நடந்தது அவன் அதிர்ஷ்டம், உங்கள் ஸ்டாப்பரின் அதிர்ஷ்டமும்கூட. அவன் பாயும் பழக்கத்தை நீங்கள்தான் திருத்த வேண்டும், இந்த மாதமே.

இப்போது அந்தப் பெனால்டி. நடுவர் ஏன் தப்பாகக் கொடுத்தார்? நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் இதற்கு விடை என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது ஆட்டம். கொடி பிடித்தவன் தோற்ற அணிப் பையன்.

விசில் ஊதும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, நடுவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நடுவட்டத்தைத் தாண்டிச் சில அடிகள்தான் வந்திருக்கிறார். பந்து பெனால்டி பாக்ஸுக்குள் இருக்கிறது. இடைவெளி 25 மீட்டருக்குக் குறையாது. நடுவில் நான்கு பேர். பந்தும் ஒரு கையும் சேர்ந்ததை அவர் பார்த்தார். அந்தக் கை தரையில் ஊன்றியிருந்ததை முன்னால் நின்றவரின் கால்கள் அவருக்கு மறைத்துவிட்டன. உங்கள் தம்பி கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று எடுத்ததால் நமக்குத் தரை தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. சட்டம் தெரியாமல் கொடுத்த பெனால்டி இது இல்லை என்பது என் கணிப்பு. பாதியைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துக் கொடுத்தது.

ஏன் அவ்வளவு தூரத்தில் நின்றார்? பெரிய லீக்குகளில் ஒரு நடுவர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதற்கென்றே உடம்பைத் தயார் செய்து, பல நாள் ஓய்வெடுத்துவிட்டு வருகிறார். நம் போட்டிகளில் காலையில் ஒன்று, வெயில் ஏறிய பிறகு ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று ஒருவரையே ஓட விடுகிறோம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் யாராக இருந்தாலும் கால் வராது. அப்போது முதல் ஆட்டத்தில் பத்து மீட்டரில் நின்று பார்த்ததை இருபத்தைந்து மீட்டரில் நின்று பார்க்கிறார். ஒருவரே காலையில் ஒரு மாதிரியும் சாயந்திரம் இன்னொரு மாதிரியும் தீர்ப்புச் சொல்வதற்கு, நான் பார்த்த வரையில், பாரபட்சத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

அந்த லைன்ஸ்மேனையும் பாருங்கள். அவன் அந்தப் பக்கம்தான் நிற்கிறான். சம்பவத்துக்கும் அவனுக்கும் 15 மீட்டர் இருந்தால் அதிகம், நடுவில் யாரும் இல்லை. ஊன்றிய கையை அவன் தெளிவாகப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நடுவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை, அவனும் நடுவரைக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவான்? காலையில் தோற்றுவிட்டு, வீட்டுக்குப் போக முடியாமல், கொடியைக் கையில் திணித்து நிறுத்தப்பட்ட பையன். எதைச் சொன்னாலும் ஒரு கூட்டம் அடிக்க வரும் என்று பயம் இருக்கும். டச் லைனின் (மைதானத்தின் பக்கக் கோடு) மேலேயே ஆட்கள் நிற்கிறார்கள், ஓரிடத்தில் பைக் நிறுத்தியிருக்கிறார்கள். அவன் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே இரண்டு அடி வந்துதான் ஓடுகிறான். ஆஃப்சைடு பார்க்க வேண்டுமென்றால் கோல் லைனிலிருந்து இரண்டாவதாக நிற்கும் டிஃபெண்டருக்கு நேராக அவன் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் யாராலும் முடியாது. மூன்று பேர் பார்க்க வேண்டிய ஆட்டத்தை அன்றைக்கு ஒருவர் மட்டும், களைத்துப்போய், தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த காரணத்தையும் சொல்கிறேன். 2002-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரு லீக் ஆட்டத்தில் நடந்த 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். சிலர் கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தார்கள், சிலர் சத்தமில்லாமல் பார்த்தார்கள். சத்தத்தோடு பார்த்தவர்கள், உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் விலைபோனவர்கள் இல்லை. யாரும் மிரட்டவும் இல்லை, அறைக்குள் உட்கார்ந்து திரையைத்தான் பார்த்தார்கள். ஆறடி தூரத்தில் கத்துகிற கூட்டத்தின் நடுவே நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் ஸ்டாப்பரின் டேக்கிள் சத்தத்தோடு பார்க்கும்போது எனக்கே இன்னும் கொடூரமாகத் தெரிந்தது. சத்தமில்லாமல் பார்த்த பிறகும் சிவப்புதான் என்று உறுதியானதால்தான் அவ்வளவு அழுத்தமாக எழுதினேன்.

டி.வி. ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், உங்கள் பிரச்சினை அங்கே இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பார்த்து மைதான நடுவருக்கு உதவும் நடுவர், எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது போன்ற சிலவற்றில் மட்டும்தான், அதுவும் தவறு அப்பட்டமாகத் தெரிந்தால் மட்டும்தான் தலையிட வேண்டும். இப்படியும் பார்க்கலாம் அப்படியும் பார்க்கலாம் என்ற இடத்தில் மைதான நடுவரின் முடிவே நிற்கும். அதனால்தான் ஒரு வாரம் கொடுத்த பெனால்டியும் மறு வாரம் கொடுக்காத பெனால்டியும் இரண்டுமே மாற்றப்படாமல் போகின்றன. அதற்கும் மேலே மனிதத் தவறு வேறு. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது சரியான கோல். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார்கள். வி.ஏ.ஆர். அறையில் கோடு போட்டுப் பார்த்து அது ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். தவறு புரிந்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு அதை மாற்றச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. லிவர்பூல் 2-1 தோற்றது. அங்கேயும் கெட்டது கேமராவால் இல்லை, இருவர் பேசிக்கொண்டது சரியாகப் போய்ச் சேராததால்தான். உங்கள் நடுவரும் லைன்ஸ்மேனும் பேசிக்கொள்ளவே இல்லை.

புகார் கொடுத்தால் தீர்ப்பு மாறுமா என்று கேட்டீர்கள். மாறாது. ஆட்டத்தில் நடந்த சம்பவம் பற்றி நடுவர் எடுத்த முடிவு, கோலா இல்லையா என்பதும் ஆட்டத்தின் முடிவும் உட்பட, இறுதியானது என்று 5-ஆம் சட்டம் சொல்கிறது. கை எங்கே இருந்தது என்பது சம்பவம். அவர் பார்த்தது தப்பாக இருந்தாலும் அவர் பார்த்ததுதான் நிற்கும்.

நடுவர் சட்டத்தையே தப்பாகப் பயன்படுத்தினால் கதை வேறு. 2005 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் ஆடின. உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னால் இருந்தபோது அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்து, கோலும் விழுந்தது. உதைக்கும் முன்பே உஸ்பெக் ஆட்டக்காரர் ஒருவர் பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டார் என்று நடுவர் கண்டார். அன்றைய சட்டப்படி பெனால்டியை மறுபடி உதைக்கச் சொல்ல வேண்டும். அவர் பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. உஸ்பெகிஸ்தான் முறையிட்டது, தங்களுக்கு 3-0 என்று வெற்றி தர வேண்டும் என்று கேட்டது. ஃபிஃபா முழு ஆட்டத்தையும் ரத்து செய்து மறு ஆட்டம் வைத்தது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த அடுத்தது 0-0. வெளியூரில் பஹ்ரைன் அடித்த கோல் கணக்கில் உஸ்பெகிஸ்தான் வெளியேறிவிட்டது. அங்கே நடுவர் கண்ணால் பார்த்தது சரி, சட்டத்தைச் செலுத்தியது தப்பு. உங்கள் ஆட்டத்தில் அது தலைகீழ். அதனால் பெனால்டிக்காகப் புகார்க் கட்டணம் கட்டிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் எழுதாமல் இருக்க வேண்டாம். ஒரு நடுவருக்கு ஒரே நாளில் மூன்று ஆட்டம் கொடுத்ததும், பயிற்சி இல்லாத பையனிடம் கொடியைக் கொடுத்ததும், டச் லைனில் கூட்டத்தை விட்டதும் நடுவரின் தீர்ப்பு இல்லை. அவை கமிட்டியின் ஏற்பாடு. அதைப் பற்றி எழுதினால் அவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

போட்டிக்குப் போகாமல் இருப்பது பற்றி: வேண்டாம். ஆட்டத்தின் நடுவில் வெளியேறுவது அதைவிட வேண்டாம். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் உங்கள் பையன்களுக்கு நினைவிருக்கும். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து கோலாக்கினார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் முறையீடு எடுபடவில்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. அந்த ஃப்ரீ கிக் பற்றி இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசலாம். வெளியேறியது பற்றிப் பேச ஒன்றுமில்லை. மீதியிருந்த நேரத்தில் ஒரு கோல் போட்டிருந்தால் ஆட்டம் பெனால்டி ஷூட்-அவுட் வரை போயிருக்கும்.

அடுத்த வருடத்துக்கு இப்போதே வேலையை ஆரம்பியுங்கள். தனியாகப் போனால் தோற்றவன் புலம்புகிறான் என்பார்கள். வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு என்று அந்தப் போட்டிக்கு வருகிற அணிகளின் பொறுப்பாளர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஜெயித்த அணியும் அதில் கையெழுத்துப் போட்டால் மிக நல்லது, அவர்களும் வேறொரு நாள் இதே இடத்தில் நிற்கப் போகிறவர்கள்தான். மாநிலச் சங்கத்திலோ மாவட்டச் சங்கத்திலோ பதிவு பெற்ற நடுவர்களை மட்டும் போட வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கேளுங்கள். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்த பிறகு, ஒரு மாவட்ட அணிகளின் ஆட்டத்துக்குப் பக்கத்து மாவட்ட நடுவரை அழைப்பது எளிது. பேருந்துச் செலவும் சாப்பாடும்தான் கூடுதல். கொடி பிடிக்கவும் தேர்வு எழுதிய இருவர் வேண்டும். மைதானத்தைச் சுற்றி டச் லைனிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை, ஆனால் லைன்ஸ்மேனுக்கு அது பாதி உயிர்.

காசுக்கு எங்கே போவது என்று கமிட்டி கேட்கும். பல போட்டிகளில் ஆளுயரக் கோப்பை வாங்குகிறார்கள், மேடை போடுகிறார்கள், ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள், நடுவருக்குக் கொடுக்கும்போது மட்டும் கை சுருங்குகிறது. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிற விஷயம். கோப்பையில் ஓர் அடியைக் குறைத்தால் இரண்டு நல்ல லைன்ஸ்மேன் கிடைப்பார்கள். நுழைவுக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் நாங்கள் தருகிறோம், அந்தப் பணம் நடுவர்களுக்குத்தான் போக வேண்டும் என்று உங்கள் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அப்போது மறுக்க அவர்களுக்கு வழியிருக்காது.

போட்டிக்கு முதல் நாள் எல்லா அணிப் பொறுப்பாளர்களையும் நடுவர்களையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும், அரை மணி நேரம் போதும். எந்த ஆண்டின் சட்டப்படி ஆட்டம் நடக்கும் என்று அங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம் 2025 ஜூலை 1 முதல் 8 விநாடி. தாண்டினால் எதிரணிக்கு கார்னர். அதற்கு முன்பு 6 விநாடி, இன்டைரக்ட் ஃப்ரீ கிக். ஒரே போட்டியில் ஒரு நடுவர் பழையதையும் இன்னொருவர் புதியதையும் வைத்து நடத்தினால் அது அபிப்பிராய பேதம் ஆகாது, கூட்டம் போட்டுத் தீர்த்திருக்க வேண்டிய குறை. ஊன்றிய கை, பின்னாலிருந்து வரும் டேக்கிள், ஃப்ரீ கிக்கைச் சீக்கிரம் உதைப்பது ஆகிய மூன்றையும் அந்தக் கூட்டத்திலேயே பேசிவிடச் சொல்லுங்கள். சண்டையில் முக்கால்வாசி இந்த மூன்றில்தான் வருகிறது.

நடுவருக்கு நடுவர் ஆட்டத்தை விடும் அளவு மாறத்தான் செய்யும். ஒருவர் தோள் உரசலுக்கே ஊதுவார், ஒருவர் ஆடவிடுவார். அது சட்டத்துக்கு உட்பட்டதே. ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் அளவு ஒன்றாக இருந்தால் போதும். முதல் பதினைந்து நிமிடத்தில் இன்றைய அளவு என்ன என்று படித்துக்கொள்ள உங்கள் பையன்களைப் பழக்குங்கள். நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேச வேண்டும். 2024 யூரோ போட்டியில் எல்லா அணிகளுக்கும் இதையே விதியாக வைத்தார்கள். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டால் நடுவர் எதையும் விளக்க மாட்டார். ஒருவன் அமைதியாக வந்து "சார், எதுக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வார்.

கடைசியாக உங்கள் கேப்டன். நடுவர் மேல் கை வைத்தது பெரிய குற்றம், தீர்ப்பு எவ்வளவு தப்பாக இருந்தாலும் சரி. அதைக் குறைத்துப் பேசி அவனுக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். அதே சமயம், பிடித்து இழுத்ததும் அடித்ததும் ஒன்றாகாது. ஃபிஃபாவின் ஒழுங்கு விதியே நடுவரிடம் முறைகேடாக நடந்தால் குறைந்தது 4 ஆட்டம், அடித்தால், உதைத்தால், துப்பினால் குறைந்தது 15 ஆட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறது. 17 வயதுப் பையனுக்கு ஒரு வருடம் என்பது நீளம். முதலில் தடை உத்தரவை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதிப்படி என்று கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் குறித்திருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

முறையீடு எழுதும் முன்பே அவனைக் கூட்டிக்கொண்டு அந்த நடுவரை நேரில் போய்ப் பாருங்கள். மன்னிப்பை அவன் வாயால் கேட்கட்டும், நீங்கள் பேச வேண்டாம். பெனால்டியைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். அவர் ஏற்றுக்கொண்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், கமிட்டி தடையைக் குறைக்க அதைவிடப் பலமான காகிதம் கிடையாது.

தடைக் காலம் முடியும்வரை அவனைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். உங்கள் பயிற்சி ஆட்டங்களில் கொடியையும் பிறகு விசிலையும் அவனிடம் கொடுங்கள். ஆஃப்சைடு, ஃபவுல் பற்றிய 11, 12-ஆம் சட்டங்களைப் படிக்கட்டும். சென்னையைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தார். திண்டுக்கல்லில் இருந்து ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலுக்குப் போனார். ஆம்பூரிலிருந்து ஒருவர் போகக் கூடாது என்றில்லை. நடுவர் தேர்வு மாவட்ட, மாநிலச் சங்கங்கள் வழியாக நடக்கிறது. அடுத்தது எப்போது, வயது வரம்பு என்ன, இந்தத் தடை அதற்குத் தடையாகுமா என்ற மூன்றையும் மாவட்டச் சங்கச் செயலாளரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.